பெரிய விளையாட்டுப் போட்டியை நடத்தினால் ஒரு நகரம் மேம்படுமா?

மேம்படும் என்பதே என் பதில். நம் ஊர்களில் எந்தப் பொதுப்பணிக்கும் கெடு நீண்டுகொண்டே போகும். போட்டிக்குக் குறித்த தேதியை மட்டும் எந்த அதிகாரியாலும் தள்ளிப்போட முடியாது. நான் இதைக் கண்டது 2010-இல், தில்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது.

அப்போது லாஜ்பத் நகரில் குடியிருந்து, மத்தியச் செயலகத்தின் பக்கம் இருந்த அலுவலகத்துக்குப் பேருந்தில் போய்வந்தேன். அந்த ஆண்டில் எங்கள் தெருமுனை நடைபாதையைக் கேபிளுக்காக ஒருமுறை, குழாய்க்காக ஒருமுறை, கல் பதிக்க மறுமுறை என மூன்று தடவை தோண்டினார்கள். மழைக்காலம் முழுவதும் பலகை போட்டுத்தான் சாலைக்கு வந்தோம். ஆனால் தொடக்க விழா நடந்த அக்டோபர் 3 அன்றே மத்தியச் செயலகத்திலிருந்து சரிதா விகார் வரையிலான மெட்ரோ தடமும் திறக்கப்பட்டது. விளையாட்டு வீரர்கள் இரண்டு வாரத்தில் ஊர் திரும்பிவிட்டார்கள். அந்தத் தடத்தில் நான் ஆறு ஆண்டுகள் வேலைக்குப் போனேன்.

விமான நிலைய மெட்ரோ போட்டிக்குள் முடியவில்லை. 2011 பிப்ரவரியில்தான் ஓடத் தொடங்கியது. பாலத்தின் தாங்குபகுதிகளில் குறைகள் தெரியவந்ததால் 2012 ஜூலையில் நிறுத்தப்பட்டு, 2013 ஜனவரியில் மீண்டும் இயங்கியது. இருந்தும், விளையாட்டரங்கங்களைவிட அதுவே இன்று நகரத்துக்கு அதிகம் பயன்படுகிறது என்பேன். ஊருக்கு எப்படியும் தேவைப்பட்ட ஒன்றைப் போட்டியின் சாக்கில் கட்டினால் அது வீணாவதில்லை.

அவசரத்துக்கான விலையைப் பெரும்பாலும் கூலியாட்களே கொடுக்கிறார்கள். 1982 ஆசிய விளையாட்டுக்காக மேம்பாலங்களும் நேரு விளையாட்டரங்கமும் எழுந்தபோது, தொழிலாளர்களின் நாள் கூலியில் ஒரு ரூபாயை ஆள்பிடிக்கும் ஜமேதார்கள் பிடித்துக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் இது பற்றி வந்த வழக்கில் அதே ஆண்டு தீர்ப்பளித்தது; அந்த மேம்பாலங்களில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

தேதி நெருங்க நெருங்க, செய்து முடிக்க இயலாததை மறைக்கத் தொடங்குவார்கள். 2010-இல் நான் போகும் வழியிலிருந்த குடிசைப் பகுதிக்கு முன்னால், போட்டியின் சின்னமான ஷேரா என்னும் புலி சிரிக்கும் தட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்தினார்கள். சில மாதங்களில் தட்டிகள் கிழிந்தன. பின்னால் இருந்தவர்கள் அப்போதும் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தார்கள்.