கணினி கேள்வி பதில்: சூடோ உரிமை போய்விட்டது, என்ன செய்வது?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் உபுண்டு சர்வரில் எல்லா மாணவர்களுக்கும் கணக்கு உண்டு. மென்பொருள்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் டாக்கரின் குழுவில் என்னைச் சேர்க்க, பயனர் கணக்கை மாற்றும் ‘யூசர்மாட்’ கட்டளை கொடுத்தேன். மறுநாள் உள்ளே நுழைய முடிந்தது. ஆனால் நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை இயக்க உதவும் ‘சூடோ’ மறுக்கிறது. எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்லும் இல்லை. இனி இப்படி நேராமல் இருக்க வழி என்ன?
– ஆய்வகப் பொறுப்பாளர், திண்டுக்கல்

பதில்: முதலில் பதற்றத்தை விடுங்கள். மாணவர்களின் கோப்புகள் எதற்கும் சேதமில்லை. யூசர்மாட் கட்டளையில் பெரிய ‘ஜி’ விருப்பத்தை மட்டும் கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால், நீங்கள் சொன்ன குழுவை வைத்துக்கொண்டு மற்ற கூடுதல் குழுக்கள் அனைத்திலிருந்தும் உங்களை நீக்கிவிடும். சூடோ குழுவும் அதில் போய்விட்டது. சிறிய ‘ஏ’யும் சேர்ந்திருந்தால் பழைய குழுக்கள் அப்படியே இருந்திருக்கும். மாணவர்களிடம் சொல்லிவிட்டு, சர்வர் இருக்கும் அறைக்கே சென்று மறுதொடக்கம் செய்யுங்கள். தொடக்கப் பட்டியலில் மீட்பு முறையைத் தேர்ந்தெடுத்து ரூட் ஷெல்லை (ரூட் உரிமையோடு கட்டளை கொடுக்கும் திரை) திறந்து, வட்டை எழுதக்கூடிய நிலைக்கு மாற்றி, சூடோ குழுவில் உங்களை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நேராமல் இருக்க நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: உரிமைகளைத் தொடும் எந்த மாற்றத்துக்குப் பிறகும், திறந்திருக்கும் முனையத்தை (டெர்மினல்) மூடாதீர்கள். வேறொரு சன்னலில் புதிதாக நுழைந்து, சூடோவை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். குழு மாற்றம் அடுத்த நுழைவில்தான் நடைமுறைக்கு வரும். ஆகவே பழைய முனையத்தில் உங்கள் உரிமை பெரும்பாலும் மிச்சமிருக்கும். தவறை அங்கிருந்தே ஒரே வரியில் திருத்திவிடலாம். மறுநாள்தான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாய்ப்பு முந்தைய நாளே, நீங்கள் வெளியேறியபோது நழுவிவிட்டது.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் அமைப்புக் கோப்புக்கும் இதே வழக்கம் பொருந்தும். மாற்றியதும் அதன் சர்வர் நிரலான ‘எஸ்எஸ்எச்டி’யைச் சிறிய ‘டி’ விருப்பத்தோடு இயக்கினால் இலக்கணப் பிழை இருந்தால் சொல்லிவிடும். அதன் பிறகே சேவைக்குப் புதிய அமைப்பை ஏற்றுங்கள். தீயரணை (ஃபயர்வால்) இயக்குமுன் எஸ்எஸ்எச் நுழைவாயிலுக்கு (போர்ட்) அனுமதி கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். வழக்கமாக அதன் எண் 22.

யாருக்குச் சூடோ உரிமை என்று வரையறுக்கும் சூடோவர்ஸ் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறக்கவே கூடாது. அதற்கென உள்ள ‘விசூடோ’ கட்டளை மட்டுமே. பிழை இருந்தால் அது நின்று, என்ன செய்யலாம் என்று கேட்கும். அப்போது சிறிய ‘இ’ அழுத்தித் திரும்பப் போய்த் திருத்துங்கள். பெரிய ‘க்யூ’ அழுத்தினால் பிழையோடு சேமித்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. டாக்கர் குழுவில் இருப்பவர் கொள்கலன் வழியாக முழு வட்டையும் ரூட்டைப் போலவே தொட முடியும். மாணவர் எவரையும் அதில் சேர்க்காதீர்கள்; ஏற்கெனவே சேர்த்திருந்தால் இன்றே நீக்குங்கள். அத்தோடு சூடோ உரிமையுள்ள இரண்டாவது கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டுத் துறைத்தலைவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்தக் கணக்கில் நுழைந்து, சூடோ இயங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் புதுக் கடவுச்சொல் வையுங்கள்.