ஜனவரியில் எடுத்த உறுதிகள் எல்லாம் நின்றுபோய்விட்டன. இலையுதிர் காலத்தில் மறுபடி தொடங்க முடியுமா?

கேட்டவர் ரொறன்ரோவில் இருக்கிறார். காலையில் நடப்பது, விளக்கேற்றி ஒரு தேவாரம் பாடுவது, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவோடு ஞாயிறுதோறும் பேசுவது என்று ஜனவரியில் மூன்று உறுதி எடுத்தாராம். கோடை முடிவதற்குள் மூன்றும் நின்றுவிட்டனவாம். மரங்கள் சிவக்கிற இந்த நேரத்தில் மறுபடி தொடங்க நினைத்தால் தன்மீதே வெறுப்பு வருகிறது, கடவுள் முன் நிற்கவும் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். நானும் ஸ்காபரோவில் இருப்பவள், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள், அதனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

முடியும். பிந்திப்போய்த் தொடங்குகிறோம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள், ஏனென்றால் எங்கள் நாட்காட்டியில் விரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதே இந்த இலையுதிர் காலத்தில்தான். புரட்டாதி, ஐப்பசியைப் பாருங்கள். நவராத்திரி ஒன்பது இரவு, அடுத்த நாள் விஜயதசமி, அன்று சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள். எங்கள் பக்கத்தில் அந்தத் தசமியிலேயே கேதாரகௌரி விரதம் தொடங்கி 21 நாள் போய்த் தீபாவளி அமாவாசையில் முடியும். மறுநாள் கந்தசஷ்டி பிறக்கும், ஆறாம் நாள் சூரன் போர். ஜனவரி முதலாம் திகதி ஒரே ஒரு வாசல்தான், தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று தோன்றும். இங்கே ஒரு மாதத்துக்குள் மூன்று, நான்கு வாசல் திறக்கிறது.

அதைவிட முக்கியமானது, இந்த விரதங்கள் பலவீனமான மனிதர்களை எப்படி நடத்துகின்றன என்பது. கேதாரகௌரியை 21 நாளும் ஒரு பொழுது சாப்பிட்டுப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை, உடம்பு, கைக்குழந்தை என்று முடியாதவர்கள் கடைசி ஏழு நாள் பிடிப்பார்கள், அதற்கும் வழியில்லாதவர்கள் அமாவாசை அன்று மட்டும் பிடிப்பார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே கோயிலில் நின்று 21 இழை நூற்காப்பை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள், ஒரு நாள் பிடித்தவருக்கு ஓர் இழைதான் என்று யாரும் அளந்து கொடுப்பதில்லை. கந்தசஷ்டியிலும் முழுப் பட்டினி இருப்பவருக்குப் பக்கத்தில் பாலும் பழமும் எடுப்பவரும் ஒரு நேரம் சாப்பிடுபவரும் உட்கார்ந்திருப்பார்கள். (நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் தயவுசெய்து டொக்டரிடம் கேட்டுவிட்டு விரதம் பிடியுங்கள்.) தன்னிடம் கருணையாக இருப்பது என்று இப்போது நிறையப் பேசுகிறார்களே, அதை எங்கள் ஆச்சிமார் விரதத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தன்னைத் திட்டிக்கொண்டால்தான் திருந்துவோம் என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது, கேள்வியின் தொனியே அப்படி இருக்கிறது. ஆராய்ச்சிகள் இதற்கு எதிராகத்தான் சொல்கின்றன. 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபரா மாக்கும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதலில் மில்க்சேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ருசி பார்க்கச் சொல்லி ஐஸ்கிறீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்சேக் குடித்தபின் ஐஸ்கிறீமைக் குறைத்துக்கொண்டார்கள், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எப்படியும் கெட்டுவிட்டது, இனி என்ன என்ற அந்த மனநிலையைத்தான் ஹெர்மனும் ஜேனட் பொலிவியும் பிறகு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் ஆராய்ந்தார்கள். நடையை ஒரு வாரம் விட்டதும் அது நான்கு மாதமாவது இதே வழியில்தான்.

2010இல் ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கல் வோலும் திமோதி பிச்சிலும் இன்னொருவரும் முதல் வருட மாணவர்களைப் பார்த்தார்கள். முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழு அதே சமயம் பழக்கங்களை அளந்தபோது, ஒரு செயல் தானாக வரும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை.

கடவுள் முன் நிற்கக் கூச்சம் என்றீர்களே, அதற்கு அப்பர் பெருமானை நினைத்துக்கொள்ளுங்கள். சைவத்தை விட்டுப் போய்ச் சமணத்தில் பெரிய நிலையில் இருந்தவர், சூலை நோயோடு அக்கா திலகவதியாரிடம் திரும்பி வருகிறார். அக்கா கேள்வி கேட்டு நிறுத்தி வைக்கவில்லை, ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுக்கிறார். அப்புறம் கோயிலைக் கூட்டி மெழுகுகிற தன் வழக்கமான தொண்டுக்கு விடியமுன் புறப்படும்போது தம்பியையும் திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார். பெரியபுராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அங்கே அப்பர் பாடிய பதிகத்தைத்தான் இன்றுவரை நோயிலும் துன்பத்திலும் பாடுகிறோம். விட்டுப் போய்த் திரும்பி வந்தவரின் பாட்டும் சேர்ந்த தேவாரத்தையே நீங்கள் பாடப் போகிறீர்கள், அதனால் கூச்சப்படாமல் விளக்கை ஏற்றுங்கள். பூசையில் ஐயர் சங்கல்பம், அதாவது இதைச் செய்கிறேன் என்ற உறுதி, சொல்வதையும் கவனியுங்கள், வருடம், ருது, மாதம், திதி, உங்கள் பெயர் எல்லாம் சொல்லி ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சொல்கிறார். போன முறை சொன்னதை என்ன செய்தாய் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

சரி, செய்கிற விதம். மூன்றையும் ஒரே நாளில் தூக்காதீர்கள். விஜயதசமியில் அம்மாவோடு பேசுவதை மட்டும் தொடங்குங்கள், அது உங்களையும் அவரையும் ஒன்றாகத் தாங்கும். இப்போது ஞாயிறு காலை ஒன்பதுக்கு எடுத்தால் அங்கே மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு இங்கே மணியைப் பின்னால் வைத்ததும் அதே ஒன்பது அங்கே ஏழரை ஆகிவிடும், இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் போன் வரவில்லையே என்று காத்திருப்பார். தேவாரத்தைக் கேதாரகௌரி நாட்களில் சேருங்கள், முழுப் பதிகம் வேண்டாம், ஒரு பாட்டு போதும், களைப்பான நாளில் விளக்கு மட்டும் ஏற்றினாலும் அதையும் கணக்கில் வையுங்கள். நடையைக் காலையில் வைக்காதீர்கள். ஒக்டோபர் கடைசியில் இங்கே ஏழரைக்கும் விடியாது, நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டும், ஆகவே மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வெயில் இருக்கும்போது பத்து நிமிடம் நடங்கள்.

தவறுகிற நாளுக்கும் இப்போதே ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது: விட்டதை மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டுவதில்லை, அன்றைய அளவை மட்டும் செய்வது. அம்மா இந்த வருடமும் கேதாரகௌரி பிடிக்கிறாரா என்று ஞாயிறு கேளுங்கள், பிடித்தால் கடைசி நாளாவது அவரோடு சேர்ந்து நீங்களும் இங்கிருந்து பிடியுங்கள்.