வாய்க்கால் அடைத்த பிறகும் பள்ளத்தில் தண்ணீர் ஓடுவது எப்படி?

கேள்வி: எங்கள் தோட்டம் பெருந்துறைப் பக்கம், பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழே இருக்கிறது. வாய்க்காலை அடைத்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, மழையும் இல்லை. ஆனால் தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தில் (சிற்றோடையில்) இன்னும் தண்ணீர் ஓடுகிறது. எங்கிருந்து வருகிறது?
(ஒரு வாசகர், பெருந்துறை)

பதில்: உங்களுக்கு மேட்டில் இருக்கும் வயல்களுக்குப் போன மாதங்களில் பாய்ச்சிய தண்ணீர்தான் இப்போது உங்கள் பள்ளத்தில் ஓடுகிறது. கூடவே வாய்க்காலிலிருந்தே இறங்கிய தண்ணீரும் இருக்கும்.

வயலில் கட்டி நிறுத்திய தண்ணீரில் ஒரு பங்கைப் பயிர் குடிக்கிறது, ஒரு பங்கை வெயில் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் வேரையும் தாண்டிக் கீழே இறங்குகிறது. கொங்குப் பகுதியில் மேலே செம்மண், அதற்கு அடியில் உதிர்ந்து நொறுங்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. இறங்கிய தண்ணீர் கெட்டிப் பாறைமேல் போய் நின்றுவிடும், வெடிப்பு இருக்கும் இடத்தில் கொஞ்சம் உள்ளே போகும், அவ்வளவுதான். அதற்குமேல் கீழே போக வழியில்லாததால் நிலத்தின் சரிவைப் பார்த்துப் பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கிறது, நகர்ந்து வரும் வழியில் கிணறோ பள்ளமோ ஆறோ நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக வெட்டுப்பட்டிருந்தால் அங்கே ஊற்றாக வெளியே வந்துவிடும். வாய்க்காலில் ஒரே நாளில் பல கிலோமீட்டர் ஓடிவந்த தண்ணீர், மண்ணுக்குள் ஒரு நாளில் சாண் கணக்கிலோ சில அடியோதான் நகரும். அதனால்தான் கார்த்திகையில் பாய்ச்சியது சித்திரையில் பள்ளத்துக்கு வருகிறது.

போன வருடம் மே மாதத் தொடக்கத்தில் சென்னிமலைப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் கரையின் அடியில் ஒரு கோடு மாதிரி நீளமாக ஈரம் தெரிந்தது, ஓரிடத்தில் மணல் கொதிப்பதுபோலப் பொங்கிக்கொண்டே இருந்தது, அங்கே காலை வைத்தால் சில்லென்று இருந்தது. கரையிலிருந்து இரண்டடி தள்ளிக் கையால் ஒரு குழி தோண்டினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறி, பள்ளத்து மட்டத்தைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் வந்து நின்றது. கரைதான் பள்ளத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை. சுற்றிலும் போர் போட்டு இறைத்து மட்டம் இறங்கிவிட்டால் இது அப்படியே தலைகீழாகும், அப்புறம் பள்ளத்துத் தண்ணீரைக் கரை குடிக்கும்.

இது ஏதோ ஒரு தோட்டத்துச் சமாச்சாரம் இல்லை. பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது. அங்கிருந்து புறப்படும் 200 கிலோமீட்டர் மண் வாய்க்காலும், அது பாயும் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரும் சேர்ந்து எழுபது வருடமாக மண்ணுக்குள் தண்ணீர் இறக்கிக்கொண்டிருக்கின்றன. ஈரோட்டு ஊருக்குள்ளே ஓடிக் காவிரியில் சேருகிற பெரும்பள்ளம் ஓடையில் மழையில்லாக் காலத்திலும் கீழ்பவானிக் கசிவு வருகிறது. பவானி, நொய்யல், காவிரி மூன்றுக்குமே இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் திரும்புகிறது. ஆற்றிலிருந்து எடுத்ததில் ஒரு பங்கு ஆற்றுக்கே போகிறது, நடுவில் ஒரு சுற்று நம் கிணறுகளை நிரப்பிவிட்டு.

கேள்வி: கசிவு நல்லது என்று சொல்பவர்கள் மேட்டுப் பகுதிக்காரர்கள். கடைமடையில் முறை வந்தும் தண்ணீர் வராமல் நாங்கள் காத்துக் கிடக்கிறோம். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டுக் கசிவை நிறுத்தினால் எங்களுக்கு வராதா?
(ஒரு வாசகி, கீழ்பவானி கடைமடை)

பதில்: உங்கள் கோபம் நியாயமானதம்மா. கடைமடைக்கு உரிய தண்ணீர் கடைமடைக்கு வந்தே ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

ஆனால் கான்கிரீட் புதிதாகத் தண்ணீர் உண்டாக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020-இல் சுமார் 710 கோடி ரூபாயில் கீழ்பவானி வாய்க்கால் சீரமைப்புக்கு அரசாணை வந்தபோது விவசாயிகள் இரண்டு பக்கமாக நின்றதற்குக் காரணமே இதுதான். கசிவை நிறுத்தினால் மிஞ்சுகிற தண்ணீர் ஏற்கெனவே ஒருவருடைய கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது, அந்தக் கிணற்றை நம்பித் தென்னை இருக்கிறது, மாடு இருக்கிறது, ஊர்க் குடிநீர்த் தொட்டி இருக்கிறது. அதை எடுத்து உங்கள் மடைக்குக் கொடுப்பது பங்கு மாற்றுவதுதான். நிஜமாகவே கைவிட்டுப் போவது வெயில் குடிக்கிற தண்ணீர். கசிவை அந்தக் கணக்கில் சேர்த்து 'வீண்' என்று எழுதுவது தப்பு.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் ஸ்னேக் ஆற்றங்கரையில் 'ஆயிரம் ஊற்றுகள்' என்று ஓரிடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே விநாடிக்குச் சுமார் 4,200 கனஅடி ஊறியது. மேட்டில் வாய்க்கால் வெட்டிப் பாசனம் பெருகப் பெருக ஊற்றும் பெருகி, 1950-களில் 6,800 கனஅடி அளவுக்குப் போனது. பிறகு தண்ணீரைத் தூவிப் பாய்ச்சும் தெளிப்பான் வந்தது, ஆழ்கிணறுகள் வந்தன, ஊற்று குறைந்தது. அந்த ஊற்றை நம்பி மீன் பண்ணை வைத்தவர்களும் மேட்டில் நிலத்தடி நீர் இறைப்பவர்களும் பல வருடம் வழக்காடினார்கள். மேட்டில் தண்ணீரைச் சேமித்தபோது கீழே ஒருவருக்கு அது நின்றுபோனது.

என் கருத்தைக் கேட்டால்: உடைந்த மதகையும் இடிந்த கரையையும் உடனே கட்டட்டும், வயல்களுக்குப் பிரியும் கொப்பு வாய்க்கால்களைத் தூர் வாரட்டும், வாய்க்காலில் அனுமதியில்லாமல் குழாய் போட்டு உறிஞ்சுவதைத் தடுக்கட்டும். கடைமடைக்குத் தண்ணீர் வராததற்குக் கசிவு ஒன்றையே காரணம் காட்டிவிட்டு இதையெல்லாம் விட்டுவிடக் கூடாது. எந்த இடத்திலாவது கான்கிரீட் தளம் போட்டே ஆக வேண்டுமென்றால், அதற்குக் கீழே இருக்கும் கிணறுகளையும் பள்ளங்களையும் முழுதாக ஒரு வருடம் அளந்து பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

கேள்வி: கசிந்து வரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. குடிக்கலாமா?
(ஒரு மாணவி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: சோதித்துப் பார்க்காமல் வேண்டாம். மண் வடிகட்டுவது கலங்கலைத்தான், கரைந்திருப்பதை அது நிறுத்தாது. வயலுக்குப் போட்ட யூரியாவில் ஒரு பங்கு நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு இறங்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பதுதான் குடிநீருக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் வரம்பு, அதற்கு மேல் போனால் முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. உப்பும் அப்படித்தான்: 100 லிட்டரில் 70 லிட்டர் ஆவியானால், அந்த 100 லிட்டரில் இருந்த உப்பு முழுக்க மிச்சம் 30 லிட்டரில் இருக்கும். ஒவ்வொரு வயலைத் தாண்டும்போதும் இது கூடிக்கொண்டே போகும்.

கேள்வி: எங்கள் கிணற்றுக்கு வருவது வாய்க்கால் தண்ணீரா, மழைத் தண்ணீரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஒரு வாசகர், அரச்சலூர்)

பதில்: ஒரு கயிறு, நுனியில் ஒரு கல், ஒரு நோட்டு போதும். வாய்க்கால் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால், கிணற்று மேட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை அடி என்று குறியுங்கள். அன்றைக்கு மழை பெய்ததா, வாய்க்காலில் தண்ணீர் ஓடியதா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மழையில்லாத வாரங்களிலும் மட்டம் ஏறினால், வாய்க்கால் அடைத்துச் சில வாரம் கழித்து இறங்க ஆரம்பித்தால், அது வாய்க்கால் தண்ணீர்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு வாய்க்கால் விஷயமாகப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள்.