டர்பனிலிருந்து மூன்று மாதப் பயணமாகத் தமிழ்நாடு செல்பவர்கள் முதலுதவிப் பெட்டியில் எவற்றை வைத்துக்கொள்ள வேண்டும்?

வயதான தாயாரையோ தந்தையாரையோ அழைத்துக்கொண்டு கோயில் தரிசனத்துக்காகச் செல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து கிளம்புபவர்களில் பலர் அப்படித்தான். "எல்லாம் அங்கேயே கிடைக்கும், எதற்கு வீண் சுமை?" என்று இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். பஞ்சும் கட்டுத்துணியும் அங்கே கிடைக்கும்தான். கையிலுள்ள மாத்திரை இன்னதென்று காட்டும் சான்று மட்டும் இங்கிருந்துதான் போக வேண்டும்.

என் மாமா முழங்கால் வலிக்காக மைப்ரோடால் சாப்பிடுபவர். இடம் மிச்சமாகும் என்று மாத்திரைகளை உறையிலிருந்து உரித்து, பழைய வைட்டமின் புட்டியில் நிரப்பிக்கொண்டு, மகனைப் பார்க்க வழியில் வளைகுடாவில் இறங்கினார். அந்த மாத்திரையில் இபுபுரோஃபென், பாரசிட்டமால் ஆகியவற்றுடன் கோடீனும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் கோடீன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் முன்அனுமதி வாங்கியே கொண்டுசெல்ல வேண்டும். எங்கள் ஊரில் இது சாதாரண வலி மாத்திரை என்று அவர் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. பாதி நாள் உட்கார வைத்து விசாரித்துவிட்டு, புட்டியைப் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். அதிகாரிகளை நான் குறை சொல்லவில்லை. பெயரில்லாத புட்டியை வைத்துக்கொண்டு அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

என் கோபமெல்லாம் நம் ஊர் மருத்துவர்கள் சிலர் மீதுதான். மருந்தின் பெயரைக்கூட எழுதாமல், "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று மட்டும் கிறுக்கிய பிளாஸ்டிக் பொட்டலத்தைக் கையில் திணிக்கிறார்கள். நீங்கள் விடாமல் கேட்டு, மூலப்பெயர்கள் எழுதிய மருந்துச்சீட்டையும் அசல் அட்டைப்பெட்டியையும் வாங்குங்கள். இங்கே பனாடோ என்பதை அங்கே டோலோ என்பார்கள். பாரசிட்டமால் என்றால் இரண்டு ஊரிலும் புரியும்.

இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தின் சரக்கறையில் அது உறைந்து கெட்டுவிடலாம். கத்தரிக்கோல் மட்டும் பெரிய பெட்டிக்குள் போகட்டும். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வெப்பமானி, கொப்புளத்துக்கான பிளாஸ்டர் ஆகியவை கட்டாயம் வேண்டும். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதையும் வெறுங்காலோடு நடப்பவர்களே அதிகம், நம் பாதங்களுக்கு அந்தப் பழக்கமில்லை. வயிற்றுப்போக்குக்கு இமோடியம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் அதை விழுங்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நான் மருத்துவர் அல்லன். கூடுதல் விவரத்துக்குக் குடும்ப மருத்துவரையே கேளுங்கள்.

தெருநாய் கடித்தால் இந்தப் பெட்டியை நம்பி இருந்துவிடாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ளச் செல்லுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே போடப்படுகிறது.