விழித்த பிறகும் நிஜமாகவே தோன்றும் கனவு

கேள்வி: எனக்கு வயது 38. சில மாதங்களாக விடியற்காலையில் வரும் கனவுகள் உண்மையிலேயே நடந்தது போல இருக்கின்றன. போன வாரம் அண்ணனோடு பெரிய சண்டை போட்டதாகக் கனவு. எழுந்து பல் தேய்த்து முடித்த பிறகும் அது கனவு என்று உறைக்கவில்லை. அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டபோது, "எந்தச் சண்டை?" என்றார். அப்போதுதான் புரிந்தது. ஒற்றைத் தலைவலிக்காக நான்கு மாதங்களாக ப்ரொப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறேன். படுக்க இரவு 1 மணி ஆகிவிடும், 6 மணிக்கு அலாரம். இது மனநோயின் தொடக்கமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அண்ணன் கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே அது கனவு என்று உங்களுக்கு விளங்கிவிட்டது. மனநோயில் வரும் தவறான நம்பிக்கை அவ்வளவு எளிதில் கலையாது. எதிரில் இருப்பவர் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் நிற்கும். அதனால் அந்தப் பயத்தை விடுங்கள்.

தெளிவான கனவுகள் பெரும்பாலும் கண்கள் இமைக்குள் வேகமாக அசையும் 'ரெம்' தூக்கத்தில்தான் வருகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் இதைப் பற்றி எழுதினார்கள். அந்த நேரத்தில் உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப் பகுதிகள் மும்முரமாக வேலை செய்யும். 'இது நடக்கக்கூடியதா?' என்று சரிபார்க்கும் முன்மூளைப் பகுதியோ அடங்கிக் கிடக்கும். கனவில் எது நடந்தாலும் நாம் நம்பிவிடுவது அதனால்தான். அலாரம் அடித்ததும் கண் திறந்துவிடுகிறது, ஆனால் அந்தச் சரிபார்க்கும் பகுதி முழுதாக விழிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். கோபமும் படபடப்பும் உடம்பில் உண்மையாகவே இருப்பதால், அவற்றுக்குக் காரணமான சண்டையும் உண்மை என்றே மனம் எடுத்துக்கொள்கிறது.

ரெம் தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் நீளமாக வரும். 6 மணி அலாரம் உங்களைப் பெரும்பாலும் அதன் நடுவிலேயே எழுப்புகிறது. 5 மணி நேரத் தூக்கம் உங்களுக்குப் போதவும் போதாது. குறைந்த தூக்கத்தை உடல் பிறகு ஈடுகட்டப் பார்க்கும்போது கனவுகள் இன்னும் அழுத்தமாக வரும்.

ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது மாத்திரையைத்தான். ப்ரொப்ரனலால் மூளைக்குள் எளிதாகச் செல்லக்கூடிய மருந்து. தெளிவான கனவும் கெட்ட கனவும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள். மாத்திரை தொடங்கிய காலமும் கனவு தொடங்கிய காலமும் உங்களுக்கு ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஆனால் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் இதயத்துடிப்பு எகிறும், ரத்த அழுத்தம் ஏறலாம், தலைவலியும் திரும்பும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்றலாமா, வேறு மருந்து தரலாமா என்று அவர் பார்ப்பார். சில மனச்சோர்வு மாத்திரைகள், ஆஸ்துமாவுக்குத் தரும் மான்டெலுகாஸ்ட் போன்றவையும் இப்படிச் செய்வதுண்டு. வேறு ஏதாவது சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்ற முடியாவிட்டாலும் வாரத்துக்கு அரை மணி நேரம் முன்னதாக்கிப் பாருங்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். காலையில் எழுந்ததும் விளக்கைப் போட்டு, முகம் கழுவி, கொஞ்சம் நடங்கள். ஏதாவது சந்தேகமாக இருந்தால் யாருக்கும் போன் செய்யும் முன், போனில் அழைப்புப் பட்டியலையும் செய்திகளையும் ஒரு முறை பாருங்கள். மன்னிப்புக் கேட்டதற்காகக் கூச்சப்பட வேண்டாம், அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் தூக்க மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். கனவில் செய்வதையே படுக்கையில் கைகால் வீசிச் செய்வது, பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது திடீரென முழங்கால் தளர்வது ஆகியவை அப்படிப்பட்டவை. நன்றாக விழித்திருக்கும்போதே இல்லாத குரல் கேட்டால் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். இவை எதையும் நீங்கள் எழுதவில்லை. எனவே இந்த வாரம் தலைவலி மருத்துவரைப் பார்த்தால் போதும்.