கேளுங்க சிஸ்டர்: மெஷின் மூச்சு விடும்போது நிமோனியா எப்படி வருகிறது?

கேள்வி: நடவு வேலை முடிந்து வந்து தரையில் படுத்திருந்த என் வீட்டுக்காரரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐந்து நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். விஷமுறிவு மருந்து போட்டாச்சு, தேறிடுவார் என்கிறார்கள், ஆனால் நிமோனியா வராமல் பார்க்கணுமாம். மெஷின்தானே மூச்சு விடுகிறது, அப்புறம் எப்படிச் சளி கட்டும்? தலைமாட்டை எப்போதும் தூக்கியே வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் இறக்கச் சொன்னால் சிஸ்டர் சத்தம் போடுகிறார்.
- வாசகி, பாபநாசம் பக்கம்

பதில்: சத்தம் போட்டது தப்பு, தலைமாட்டைத் தூக்கி வைத்தது சரி.

நாம் எச்சிலை நாள் முழுக்க நமக்கே தெரியாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறோம், தப்பித் தவறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் இருமித் தள்ளிவிடுவோம். உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது இரண்டுமே இல்லை, ஏனென்றால் கட்டுவிரியன் விஷம் விழுங்கும் தசையையும் சேர்த்துத்தான் முடக்குகிறது. தொண்டைக்குள் போட்ட குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன் இருக்கும், எச்சில் அதற்கு மேலே தேங்கும். மடையைப் பலகை போட்டு அடைத்தாலும் ஓரமாகக் கசியும் என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கசிவுதான் வாயில் இருக்கும் கிருமியை நுரையீரலுக்குக் கொண்டு போகிறது. குழாய் போட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவை வென்டிலேட்டர் நிமோனியா என்கிறோம்.

பலூனை இறுக்கி ஊதிவிட்டால் ஆகாதா என்றால், ஆகாது. மூச்சுக்குழாயின் சுவர் புண்ணாகிவிடும். அதனால்தான் சின்ன மீட்டர் வைத்து 20-லிருந்து 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள்.

தலைமாடு 30 முதல் 45 டிகிரி வரை இருக்க வேண்டும், மட்டமாகப் படுத்தால் மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிற கஞ்சி வயிற்றிலிருந்து மேலே ஏறிவரும். (முதுகெலும்பில் அடிபட்டவர்கள் மாதிரி சிலருக்கு மட்டும் டாக்டர் வேறு மாதிரி சொல்வார்.) நான் வார்டில் அடிக்கடி பார்த்தது என்னவென்றால், கட்டில் சரியாக நிமிர்ந்திருக்கும், ஆள் மட்டும் சறுக்கிக் கீழே போய் வயிறு மடிந்து கிடப்பார். அதைப் பார்த்தால் தாராளமாகச் சொல்லுங்கள், மேலே இழுத்துப் படுக்க வைப்பார்கள்.

வாயைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்வதைச் சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். எங்கள் காலத்தில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தால் துடைப்போம். 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அதை விட்டுவிட்டு பிரஷ் போதும் என்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, தொடுவதற்கு முன்னால் கை கழுவுவது. நெற்றியில் திருநீறு பூசலாம், வாயில் தீர்த்தம் மட்டும் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். அப்புறம், அவரிடம் பேசுங்கள். கட்டுவிரியன் கடித்தவருக்கு இமை தூக்க முடியாதே தவிர, பல சமயம் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இமையும் கழுத்தும் பலம் பெற்று, சொந்தமாக மூச்சு விடுகிறாரா என்று சோதித்துப் பார்த்துக் குழாயை எடுத்துவிட்டால், பாதி பயம் போச்சு.

கேள்வி: வென்டிலேட்டர் மெஷினிலிருந்து நோயாளிக்கு வரும் குழாய்களை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார் எங்கள் சீனியர். அது தேவையா? குழாயில் தண்ணீர் வேறு தேங்குகிறது.
- புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ், நாகப்பட்டினம்

பதில்: தேவையில்லை தம்பி. அழுக்கானாலோ பழுதானாலோ மாற்றினால் போதும், சும்மா சும்மா கழற்றினால் கிருமிக்கு நாமே வழிவிடுகிறோம். தேங்கின தண்ணீரை நோயாளி பக்கம் சாயவிடாமல் எதிர்ப்பக்கம் வடித்துவிட்டு, அதற்கப்புறம் அவரைப் புரட்டுங்கள். சளி இருந்தால் மட்டும் அதை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போடுங்கள், ஒரு தடவைக்கு 15 நொடியைத் தாண்ட வேண்டாம், ஒவ்வொரு தடவையும் குழாய்க்குள் சலைன் (உப்புநீர்) ஊற்றுகிற பழக்கமும் வேண்டாம். கிளவுஸ் போட்டிருக்கிறேனே என்று கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். சீனியரிடம் வாக்குவாதம் வேண்டாம், உங்கள் ஐசியூ டாக்டரிடம் கேட்டு வார்டு நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.