ஒரு மாதத் தண்டனை மூன்று நாளில் முடிந்தால்...

கேள்வி: என் 15 வயது மகன் இரவு 1 மணிவரை செல்போனும் கையுமாக இருக்கிறான். காலையில் எழுப்பி எழுப்பித் தொண்டை வறண்டுவிடுகிறது. ஒரு மாதம் தர மாட்டேன் என்று போனைப் பிடுங்கினேன். கெஞ்சினான், மூன்றே நாளில் கொடுத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: கோளாறு அந்த 'ஒரு மாத'த்தில்தான். காப்பாற்ற முடியாத தண்டனையைச் சொன்னால், கெஞ்சினால் போதும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஒரே விதி வையுங்கள்: இரவு 10 மணிக்குப் போன் கூடத்தில் சார்ஜில் இருக்கவேண்டும். 10-ஆ, 10.30-ஆ என்பதில் அவன் சொல்லுக்கும் இடம் கொடுங்கள். மீறினால் மறுநாள் ஒரு நாள் மட்டும் போன் கிடையாது. அதற்கடுத்த நாள் பழைய பேச்சை எடுக்காமல் திருப்பிக் கொடுங்கள். உங்கள் போனும் அங்கேதான் இருக்கவேண்டும், சொல்லிவிட்டேன்!

எழுப்புவதை நிறுத்துங்கள். தனி அலாரம் கடிகாரம் கொடுத்துவிட்டால், 'அலாரத்துக்குப் போன் வேண்டும்' என்ற சாக்கும் போகும். தாமதமானால் பள்ளியில் பதில் சொல்வது அவன் பாடு. நீங்கள் கடிதம் எழுதித் தராதீர்கள். முதல் இரண்டு வாரம் மீறல் கூடத்தான் செய்யும். விதி நிஜம்தானா என்று சோதிக்கிறான். அங்கே இளகினால் மறுபடி முதலிலிருந்து. ஒன்று, இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஆனால் உடலே தாமதமாகத்தான் தூக்கம் கேட்கும். 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஆகவே 9 மணிக்கே படு என்று அதட்டுவது வீண்.